இழுக்காத வடம்

அயல்நாட்டில் பணிபுரியும் நம் படைவீரர்களின் மனம் ஒருபோதும் சோர்ந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் ஒருநாள் தீர்மானித்தது. நல்ல தீர்மானம்தான். வீரர்கள் சோர்ந்திருக்கிறார்களா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. தீர்மானம் போட்ட பிறகு கேட்பது மரியாதையாகவும் இராது. உடனே மன உற்சாக மேம்பாட்டுத் துறை என்று ஒன்று பிறந்தது. நாகர்கோவிலில் அதற்கு ஒரு கிளை பிறந்தது. கிளைக்கு இணை இயக்குநராகக் குமாரதாஸ் பிறந்தார். அதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

விளையாட்டு வீரர்களைக் கடல் கடந்து கூட்டிப்போய்ப் படைவீரர்கள் முன்னால் ஆடிக் காட்டுவது என்பது திட்டம். எல்லா ஊரும் கிரிக்கெட்காரர்களைக் கேட்டது. கிரிக்கெட்காரர்களுக்கு விளம்பரத்தில் நடிக்கவே நேரம் போதவில்லை. ஆகவே எங்கள் மாவட்டத்திலிருந்து வடம்வலிக் குழுவை அனுப்புவது என்று முடிவாயிற்று. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், நடுவில் ஒரு வடம். எந்தப் பக்கம் மற்றதை இழுத்துக்கொண்டு வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. ஓணத்தின்போது அருமனைப் பக்கம் வந்தால் இதற்காகச் சோறு தண்ணீர் மறந்து நிற்கிற கூட்டத்தைப் பார்க்கலாம்.

அருமனைக் குழுவுக்குக் கேப்டன் சுஜின். காலையில் ரப்பர் பால் வெட்டுவான், மாலையில் வடம் வலிப்பான். குதிகாலை மண்ணில் ஊன்றி அவன் மல்லாந்து சாய்ந்துவிட்டால் ஜேசிபி வந்தால்கூடக் கொஞ்சம் யோசிக்கும். அவனுக்கு என் மகள் அஞ்சலியைக் கட்ட ஆசை. அவளுக்கும் அதே ஆசை. அவன் வடம் வலிப்பதைப் பார்த்து வந்த ஆசை அது. நான் பொன்னுலிங்கம், அருமனையில் அரிசி மொத்த வியாபாரம். அரசாங்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அரசாங்க வேலையின் மேல் உண்டு. அந்த வேலையோடு வந்தால் பெண் தருகிறேன் என்று சுஜினிடம் சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் ஜெயித்த சான்றிதழ் ஒன்று இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சுஜினுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த நேரத்தில்தான் ஆப்பிரிக்காவில் அமைதிப்படைக்குப் போயிருக்கும் நம் ஜவான்களை உற்சாகப்படுத்தக் கிளம்பு என்று உத்தரவு வந்தது. எட்டு வீரர்களும் அவர்களுக்குத் துணையாகப் பதினோரு அதிகாரிகளும் விமானம் ஏறினார்கள். நானே நெற்றியில் திருநாமம் இட்டு அனுப்பி வைத்தேன்.

அங்கே போய் இறங்கியதும் ஒரு பேரிடி. படைவீரர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கொட்டாரம் ஊர்க்காரர் ஆன்ஸ்லின் அங்கே ஹவில்தார். எங்கிருந்தோ மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டு வந்து, அவித்து, மீன் கறி வைத்து, முகாமே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. குமாரதாஸ் முகம் கறுத்துவிட்டது. இப்போதெல்லாம் எதையும் அளந்து காட்டுவதுதான் நாகரிகம் அல்லவா? அவர் கையோடு தையற்காரர் டேப் ஒன்று கொண்டுபோயிருந்தார். வருகைக்கு முன் சிரிப்பின் அகலம், வருகைக்குப் பின் சிரிப்பின் அகலம் என்று எடுத்து அனுப்ப வேண்டும். முன்பே காதுவரை சிரித்துக்கொண்டிருப்பவனை எப்படி மேம்படுத்துவது?

ஆனால் குமாரதாஸ் திறமைசாலி. ஜவான்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, மன உற்சாகத்தின் அவசியம் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசினார். பேசி முடித்து அளந்து பார்த்தால் ஒருவருக்கும் இரண்டு அங்குலம் தேறவில்லை. அதைக் கண்ட பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. இனிப் போட்டியை நடத்தலாம் என்றார்.

போட்டிக்கு முன் சுஜினைத் தனியே அழைத்து, படையினர் தோற்றால் அவர்கள் உற்சாகம் என்ன ஆகும், இந்தத் தோல்வியைக் கொடுக்கவா மக்கள் வரிப்பணத்தில் இவ்வளவு தூரம் வந்தோம், ஆகவே நீங்கள் தோற்பது மேற்படி திட்டத்தின் நோக்கம் என்று விளக்கினார்.

"தோத்தா எனக்கு வேல கிடைக்காது சாரே," என்றான் சுஜின்.

"சிறப்பாகத் தோற்றதற்குச் சான்றிதழ் தருகிறேன். கையெழுத்து என்னுடையதுதானே," என்றார் குமாரதாஸ்.

அதே நேரத்தில் முகாமின் மறுபக்கம், விருந்தாளிகள் தோற்று முகம் வாடித் திரும்புவது ராணுவத்துக்கே அவமானம் என்றும், ஆகவே நம் பக்கம் தோற்றாக வேண்டும் என்றும் கர்னல் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். இது சுஜினுக்குத் தெரியாது.

விசில் ஊதியாயிற்று. நம் பயல்கள் உத்தரவுப்படி ஓரடி முன்னால் போனார்கள். அவர்களும் ஓரடி முன்னால் வந்தார்கள். வடம் தொய்ந்தது. நம்மவர்கள் இன்னும் நன்றாகத் தோற்பதற்காக இரண்டடி போனார்கள். ராணுவம் விட்டுக்கொடுக்குமா? மூன்றடி வந்தது. வடம் தரையில் சுருண்டு படுத்துவிட்டது. பதினாறு பேரும் கையில் வடத்தோடு நடுக்கோட்டில் வந்து முகத்தோடு முகம் மோதி நின்றார்கள்.

"ஏலே மக்கா, எதுக்கு வலிக்காம வாறிய?" என்று ஆன்ஸ்லின் கேட்டார்.

"தோக்கணும்ணு ஆர்டர் அண்ணே. நீங்க எதுக்கு வாறிய?"

"எங்களுக்கும் அந்த ஆர்டர்தான், கேட்டியா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு ஜெயிக்கணும்ணா ஒரு வலி வலி. நாங்க வந்துருவோம்," என்றார்.

ஒரே ஒரு வலி. சுஜின் அந்த இடத்தைச் சொல்லும்போது இப்போதும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வான். குதிகாலை ஊன்றியும்விட்டானாம். குமாரதாஸ் கோட்டின் ஓரமாக வந்து, இழுத்தால் வேலையை மறந்துவிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவன் காலை எடுத்துவிட்டான்.

அதற்குள் சுற்றி நின்ற படையே சிரிக்க ஆரம்பித்திருந்தது. பாதிப் பேர் மண்ணில் உருண்டார்கள். கர்னல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். குமாரதாஸ் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி அளந்தார். நாலே கால், நாலரை, ஒருவருக்கு டேப்பை இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. உலகில் எந்தத் துறையும் இந்த அகலத்தை எட்டியதில்லை என்று அன்றே தலைமையகத்துக்குச் செய்தி போயிற்று.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். இழுக்காத வடம் திட்டம் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களில் காலை வணக்கத்துக்குப் பிறகு இழுக்காமல் நின்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சனிக்கிழமைதோறும் இழுக்காமல் நின்றார்கள். கல்யாண மண்டபங்களில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இழுக்காமல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுஜினுக்கு இழுக்காத வடம் தலைமைப் பயிற்றுநர் என்று வேலை போட்டார்கள். பென்ஷனோடு. பொது இடத்தில் எதையும் இழுக்கக் கூடாது என்பது ஒன்றே பணி விதி.

நான் ஊர் மெச்சக் கல்யாணம் பண்ணி வைத்தேன். மண்டபத்தில் நானும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன ஐப்பசியில் என் அரிசி லாரி சந்தைக்கு வரும் வளைவில் ஓடைக்குள் சரிந்துவிட்டது. மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே வடத்தோடு ஓடிவந்து, கட்டி, பிடித்து, இழுக்காமல் நின்றது. பழக்கம் அப்படி ஆகிவிட்டது. மருமகன் வந்தான். லாரியைப் பார்த்தான். உள்ளங்கையைத் தேய்த்தான்.

"நான் வலிச்சா வந்துரும் மாமா," என்றான். "ஆனா யாராவது வீடியோ எடுத்துப் போட்டா வேல போயிரும்."

"நீங்க வலிங்க. வேல போனா போட்டும்," என்றாள் அஞ்சலி. அவள் கண்ணில் எத்தனையோ நாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

அவன் குதிகாலை ஊன்றினான்.

"வேண்டாம் மக்கா. வலிக்காத," என்றேன் நான்.

அவன் வடத்தைக் கீழே போட்டான். மழை வந்து, மூட்டைகள் என் கண்ணெதிரே ஊறி வெடித்தன. கூடி நின்ற ஊரார் அத்தனை பேரும் நான் சொன்னதுதான் சரி என்று தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் கட்டிக்கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள்.