கயிறு மாமாவும் கடற்படை விமானமும்

ஒரு மனிதர் கிறுக்கர் என்று முடிவாகிவிட்டால், அவர் சொல்வதெல்லாம் கிறுக்குத்தனம் ஆகிவிடுமா? எழுபதுகளின் இறுதியில், அடையாற்றில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு இக்கேள்வியை எழுப்பியவர் எங்கள் காவலாளி கயிறு மாமா. சென்னை மாநகரம் எந்த நேரமும் ஆடிச் சரியும் என்று முழுமனத்துடன் நம்பியவர் உலகிலேயே அவர் ஒருவர்தான்.

விமானந்தாங்கிக் கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே கட்டாத பொருள் கடலுக்குப் போய்விடுமாம். ஆகவே இங்கும் சைக்கிளை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவார். நாற்காலி, தண்ணீர்ப் பானை, வருகைப் பதிவேடு எதுவும் தப்பவில்லை. ஒருமுறை மேலதிகாரியின் ஸ்கூட்டரையும் கட்டிவிட்டார். அன்று அதிகாரி பஸ்ஸில் வீடு போனார்.

அப்போது, ஓய்வுபெற்ற கடற்படைப் போர் விமானம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. இறக்கையின் அகலத்தைப் புத்தகத்தில் பார்த்தேன், வாசலை அளந்தேன். வாயிற்கதவைக் கழற்றி, ஓரத்தில் இருந்த கன்னியம்மாவின் இட்லிக் கடையையும் எடுத்தால்தான் நுழையும். பொதுநலன் கருதி அகற்றலாம் என்று குறிப்பெழுதினேன்.

விமானம் வரும் நாளன்று ஆட்கள் கடப்பாரையுடன் வந்தார்கள். கடையைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தார் மாமா.

“எழுந்திருங்க மாமா. லாரி கிண்டி தாண்டிடுச்சாம்.”

“வரட்டும் சார். அது றெக்கைய மடிச்சிகினு வரும்.”

“விமானம் என்ன காக்காயா?”

“கப்பல்ல எடம் ஏது சார்? அது றெக்கைய விரிச்சிகினு நின்னா நாங்க எங்க நிக்கிறது? உங்க பொஸ்தகத்துல இத போடலியா?”

ஆட்கள் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றியா நைனா? மூணு புள்ளைங்க கீது. இந்த அடுப்புதான் சோறு.”

“மடிக்கலைன்னா நானே பிரிச்சிப் போட்டுட்டு வேலைய வுட்டுப் போயிடறேன்.”

ஆட்களைப் பொறுக்கச் சொன்னேன். கருணையால் அல்ல; அந்த முடிச்சுகளை அவிழ்க்க எவராலும் முடியவில்லை.

லாரி தெருமுனையில் திரும்பியது. இரு இறக்கைகளும் மடிந்து தலைக்கு மேலே குவிந்திருந்தன.

“யம்மாடி, கும்பிட்டுகினு வருது பாரு!” என்று கூவினாள் கன்னியம்மா.

கடைக் கூரையில் ஒரு கீற்றும் அசையாமல் விமானம் உள்ளே போயிற்று. மாமா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எனக்கு அல்ல, விமானத்துக்கு.

அன்றே என் குறிப்பைத் திரும்பப் பெற்றேன். அதன்பின் ஒருவரை இடம்பெயர்க்கும் தாள் எதிலும், கயிறு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டாமல் நான் கையெழுத்திட்டதில்லை.