சந்தனம் பூசிய இரண்டு பெட்டிகள்

இயந்திரம் மக்கர் செய்யும்போது பயப்படத் தேவையில்லை. திடீரென்று ஒழுங்காக வேலை செய்தால்தான் பயப்பட வேண்டும்.

அப்போது நான் பேராவூரணியில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் கேமராமேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் (மவுஸ் பிடிக்கத் தெரியும் என்பது உண்மைதான்) வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் சர்வரும் என் தலையில் விழுந்தது. அதில் இரண்டு டிஸ்க் பெட்டிகள். முதல் பெட்டியில் இருப்பதை இரண்டாவது அப்படியே காப்பி எடுக்கும். முதலில் இல்லாததைத் தன்னிடமிருந்தும் அழித்துவிடும். அந்தக் காப்பி பாதியிலேயே நின்று நின்று என் உயிரை வாங்கியது. கேபிளை மாற்றினேன், அணைத்து அணைத்துப் போட்டேன். கடைசியில் இரண்டாவது பெட்டி அடியோடு செத்துப்போக, அதே மாதிரி புதிது ஒன்று வாங்கினோம்.

மறுநாள் ஆயுத பூஜை. "எல்லாத்தையும் கழட்டித் தொடைச்சு பொட்டு வைங்கப்பா," என்றார் முதலாளி. இரண்டு பெட்டிகளையும் வாழையிலையில் வைத்துச் சந்தனம் பூசினேன். பக்தி மிகுதியில், எது முதல், எது இரண்டாவது என்று எழுதிய லேபிள் மேலேயே பூசிவிட்டேன். பூஜை முடிந்து மாட்டினால், காப்பி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பூஜைக்குப் பலன் கெடைச்சிருச்சு சார்," என்று பொரிகடலையை மென்றபடி அறிவித்தேன்.

இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். புதிய காலிப் பெட்டியைப் பார்த்து நிறைந்த பெட்டியும் காலியாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் காட்டியும் ஒன்றும் மீளவில்லை.

மற்ற வாடிக்கையாளர்கள் தங்கள் வீடியோவை முன்பே வாங்கிப் போயிருந்தார்கள், கலையரசி அக்காவைத் தவிர. மகளின் காதணி விழா முடிந்த கையோடு மீன்பிடிக்கப் போன அவர் கணவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. அந்த மனிதர் நடமாடிப் பேசுவது அந்த விழா வீடியோவில் மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டு அக்கா மகள் தேவியோடு வந்தபோது, அழுதுகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா தேவியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்கதானே தம்பி படம் எடுத்தீங்க? அவரு என்ன பேசுனாருன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "'என்னைய எதுக்கு எடுக்குறீங்க, எம்புள்ளைய எடுங்க, அழுவப் போவுது'ன்னாருக்கா."

"அப்பா மாதிரியே சொல்லுங்கண்ணே," என்றாள் தேவி.

கரகரத்த குரலில் சொல்லிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த தவளை போலிருந்தது. அவள் சிரித்தாள். அப்புறம் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்று தேவி கல்யாணமாகி ஒரத்தநாட்டில் இருக்கிறாள். வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் எனக்குப் போன் வரும். "உங்க பொண்ணு கூப்புடுது, தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு வாங்க," என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் போய் அதே வரியைச் சொல்கிறேன். அவள் அப்பாவின் குரல் எனக்கு மறந்து வெகுகாலமாகிறது. இப்போது வருவது வெறும் என் குரல்தான்.

"அப்படியே அப்பாதாண்ணே," என்கிறாள் தேவி.