உயிரோடு இருந்த ஷேருக்குத் துட்டி

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்க ஆசைப்படாத மாப்பிள்ளை உலகத்தில் கிடையாது. சிலர் தென்னை மரம் ஏறிக் காட்டுவார்கள். எனக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அதனால் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

தூத்துக்குடி ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. கப்பல் வராத நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல், சொந்தமாக ஒரு பங்குச்சந்தை டேட்டாபேஸ் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் சந்தையில் டிக்கர் என்று ஒரு சுருக்கப் பெயர் உண்டு. அதை வைத்துத் தினமும் விலை தானாக வந்து விழும். ஒரு மாதம் விலை வராத டிக்கர் 'இன்ஆக்டிவ்' என்று சிவப்பாகிவிடும். (இந்த விதியை எழுதிய அன்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். கை எட்டவில்லை, இருந்தாலும் தட்டினேன்.)

ஏரலில் இருக்கும் மாமனாரிடம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஷேர் இருந்தது. மச்சினி கல்யாணத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, என் மெயில் முகவரியைக் கொடுத்து, வலியப் போய் வாங்கியிருந்தேன். கல்யாணத் தேதி குறித்ததும், "அதை வித்துரலாமா மாப்ள?" என்று போனில் கேட்டார். தேடினேன். சிவப்பு.

"மனசைத் தேத்திக்கிடுங்க மாமா. கம்பெனி செத்துப்போச்சு."

"என்ன மாப்ள சொல்லுதிய? நல்லாப் பாத்தியளா?"

"நான் சொல்லலை மாமா, சிஸ்டம் சொல்லுது." (அந்தத் தோரணையை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

எங்கள் பக்கம் துக்கம் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். சொந்தபந்தமெல்லாம் ஷேருக்குத் துட்டி கேட்க வந்துவிட்டது. பெண்கள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். "நல்லாத்தானேய்யா இருந்துச்சு, திடீர்னு என்ன?" என்று ஒரு பெரியப்பா என்னிடம் கேட்டார். நானும் சோகமாகத் தலையை ஆட்டினேன்.

கல்யாணத்தை நிறுத்த முடியாது. ஆற்றுப் பாசனத்தில் இருந்த ஒரே வயலை விற்பது என்று மாமனார் முடிவு செய்தார். வாங்க வந்த அண்ணாச்சி வெற்றிலைத் தட்டில் அட்வான்ஸை வைத்து நீட்டினார். மாமியார் அடுப்படிக்குள் போய் அழுதார். மாமனார் தட்டை வாங்கக் கையைத் தூக்கியபோது அவர் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

எடுத்து, எட்டப் பிடித்துப் பார்த்தார். எழுத்துப் புரியவில்லை. "ஏளா செல்வி, இது என்னன்னு பாரு" என்று என் மனைவியிடம் கொடுத்தார்.

செல்வி போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பேங்க்ல இருந்துப்பா. கேள்விப்படாத பேரா இருக்கு, ஏதோ பெயிண்ட் கம்பெனி உங்களுக்கு டிவிடெண்ட் போட்டிருக்கு."

"அந்தப் பேர்ல நமக்கு ஷேரே கிடையாதே" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே ஷேர்கள் இருக்கும் மாமாவின் டிமேட் கணக்கை என் போனில் திறந்தேன். அவர் ஷேர் அத்தனையும் புதுப் பேரில் பத்திரமாக இருந்தது. கம்பெனி பேரை மாற்றியிருக்கிறது, கூடவே டிக்கரும் மாறிவிட்டது. நான் செத்துப்போன பழைய டிக்கரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். தகவல் மெயில் எனக்குத்தான் வந்திருந்தது. விளம்பரம் என்று அழித்திருந்தேன்.

"அப்பம் செத்தவன் ரூவா அனுப்புதானா?" என்று கேட்டபடி அண்ணாச்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமனார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்தேன். பார்த்தால் சிரிக்கிறார். "ஏளா, வயலு தப்பிச்சிட்டு!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். எனக்குத்தான் அழுகை வந்தது, நிஜமாகவே.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போதெல்லாம் ஒரு டிக்கர் சிவப்பானால் பேர் மாறியதா, வேறு கம்பெனியோடு சேர்ந்ததா, உண்மையிலேயே மூடிவிட்டார்களா என்று விசாரித்த பிறகே கை வைக்கிறேன். யார் நம்புகிறார்கள்? போன மாதம் கயத்தாறில் மாமியாரின் சித்தப்பா, நல்ல வயசாளி, காலமாகிவிட்டார். நான்தான் போன் போட்டுச் சொன்னேன். மாமியார் அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"டாக்டர் பாத்துச் சொன்னாரா மாப்ள, இல்ல நீங்களா சொல்லுதியளா?"