நெயில் பாலிஷ் கோடு

அன்புள்ள அருண் மாமாவுக்கு,

லினெட் வணக்கத்துடன் எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள். அத்தையிடம் கூடாது; அத்தையிடம் காட்டினால் அடுத்த நிமிஷமே அம்மாவுக்குப் போன் வந்துவிடும். நீங்கள் நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அப்பா ஓட்டும் நம் ஸ்கூல் வேனில், ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் நீங்கள் இரண்டு கோடு போட்டிருந்தீர்களே, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. "வெள்ளைக்குத் திருப்பினா ஸ்பார்க் முன்னாடி வரும், மேம்பாலம் ஏறும். சிவப்புக்குத் திருப்பினா லேட்டா வரும், வண்டி முனகும், ஆனா புகை டெஸ்ட்ல பாஸாகும்" என்று சொன்னீர்கள். அந்தக் கோடுகள் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார் என்று அம்மா, "தீர்த்தம் படுற எடமெல்லாம் பளபளன்னு இருக்கணும்டி" என்றார்கள். நான் சீட்டைத் தூக்கி, என்ஜினையும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன். பளபளவென்றுதான் ஆனது. பயந்துபோய் என் நெயில் பாலிஷில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு கோடு, குத்துமதிப்பாகப் போட்டு வைத்தேன்.

நாளை ஒன்பது மணிக்குப் புகை டெஸ்ட். அதற்காக அப்பா இன்று சாயங்காலம் என்னுடைய சிவப்புக் கோட்டுக்குத் திருப்பி வண்டியை எடுத்தார். குருசுக்குப்பம் முனையிலேயே சைலன்சர் டமார் என்று வெடித்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பிரான்சுவா சொல்தா தெருவிலேயே குப்புறப் படுத்துவிட்டார். அப்பா நேரே பெட்ரோல் பங்குக்குப் போய், "தண்ணி கலந்து ஊத்துறீங்களா?" என்று சண்டை போட்டார். அம்மாவோ, "தீர்த்தம் உள்ள எறங்கிருக்குமோ" என்றார்கள். உடனே அப்பா சாமியாரிடம் போய் எத்தனை கை தெளித்தார் என்று விசாரித்துவிட்டு வந்தார். பாவம் சாமியார், "இனிமே வண்டிக்கெல்லாம் ஜெபம் மட்டும் பண்றேன்" என்றாராம். எனக்கு இனிப் பூசையில் அவர் கையால் நன்மை வாங்கப் போகவே பயமாக இருக்கிறது.

நாளை வண்டி தோற்றால் சர்டிபிகேட் கிடையாது, பிள்ளைகளை ஏற்ற முடியாது. கருவடிக்குப்பம் வெற்றிவேல் புது வேனோடு காத்திருக்கிறார். செல்வாம்பாள் டீச்சர் நம் வேனில் வரும் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அவரிடம் இடம் கேட்டே விட்டாராம். ஸ்பார்க் ரொம்பத் தாமதமானால் பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரியாதே! இதை விடிகாலையில் பால்காரர் பக்கிரி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தட்டாஞ்சாவடியில் உங்கள் பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் இங்கே வந்து, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல்

கதவைத் தட்டுகிறார்க

பி.கு.: தட்டியது அப்பா. கையில் டார்ச், என் நெயில் பாலிஷ் பாட்டில்கள் இரண்டும். உயிர் போய்விட்டது என்று நினைத்தேன். அப்பா மெல்லிய குரலில், "லினெட், யார்கிட்டயும் சொல்லாத. ஒங்க மாமன் போட்ட கோட்ட நான் போன மாசமே சொரண்டிட்டேன். அதுல வண்டி இழுக்கல, நானா வேற போட்டேன். இப்ப அதுவும் சரியில்ல. மச்சானுக்குத் தெரிஞ்சா மானமே போயிடும். அவன் போட்ட மாதிரியே நீ அழகா ரெண்டு கோடு போட்டுக் குடும்மா" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, எந்த இடம் என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆகையால் மாமா, இந்தக் கடிதம் உங்களுக்கு வரவே இல்லை. காலையில் எட்டு மணிக்கு இந்தப் பக்கம் தற்செயலாக வாருங்கள். ஸ்பார்க் டைமிங் பார்க்கிற லைட்டையும் தற்செயலாகக் கையில் வைத்திருங்கள்.