வண்டலூர் வரை வந்த அம்மன்

உடுக்கை வாசிப்பதில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் கிடையாது. பாதிதான் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு மின்சார ரயில் பெட்டியையே கைகூப்ப வைத்தவன் நான்.

அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் எங்களைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து தாம்பரம் பக்கம் போகிற ரயிலில் நடுப்பெட்டி எங்களுடையது. (யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் சத்தத்துக்குப் பயந்து மற்றவர்கள் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வார்கள்.) வெல்டிங் பிரிவு தாஸ் அண்ணன் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் பாடுவார். ஒருவர் சிங்கி தட்டுவார். மீதிப் பேர் டிபன் பாக்ஸிலும் ஜன்னல் கம்பியிலும் தாளம் போடுவார்கள். எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு அது குளித்த மாதிரி இருக்கும்.

எங்கள் லைனில் வேலை செய்த தேவியும் அதே பெட்டியில்தான் வருவாள். பாட்டுக்கு அவள் கால் தாளம் போடுவதைப் பார்த்த அன்றே நான் கலைஞன் ஆவதென்று முடிவெடுத்தேன். திருவிழாக் கடையில் ஒரு உடுக்கை வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்து மூன்று மாதம் பழகினேன். பிறகு தைரியமாக ரயிலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் அடிக்கும்போதெல்லாம் தேவி சிரிப்பாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

பேச ஆரம்பித்து, பழகி, விஷயம் கல்யாணம் வரை வந்தது. அவள் அம்மாவிடம் என்னைப் பர்மனென்ட் என்று சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். (சீக்கிரம் ஆகிவிடும் என்று சூப்பர்வைசர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் முன்கூட்டியே சேர்ந்துகொண்டேன்.)

ஒரு நாள் டீ நேரத்தில் தேவி வந்தாள். அவள் அம்மா வல்லம் வடகாலில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருப்பதாகவும், சாயங்காலம் எங்கள் ரயிலிலேயே வீடு திரும்பப் போவதாகவும் சொன்னாள். என்னைப் பார்ப்பதும் உத்தேசம்.

"இன்னிக்கு அந்த உடுக்கைய எடுக்காத. சும்மா குந்திகினு வா, அது போதும்" என்றாள்.

பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு மாப்பிள்ளை வாசித்துக் காட்டினால் என்ன தப்பு என்று யோசித்தேன். இப்படி யோசிக்கிற ஆளை அந்த வயதில் யாராவது கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

அவள் அம்மா மடியில் தக்காளிக் கூடையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, அமைதியான மனுஷி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தாஸ் அண்ணன் ஒரு நடவுப் பாட்டை முடித்ததும், அம்மன் வர்ணிப்பு ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு உடுக்கையை வெளியே எடுத்தேன். (அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் எந்தச் சாமிக்கும் குறை வைக்க மாட்டார்.) எதிர் சீட்டில் தேவி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். தாளத்துக்கு ஆட்டுகிறாள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

மறைமலை நகர் தாண்டியதும் அந்த அம்மாவின் கால் கட்டைவிரல் துடித்தது. பிறகு தோள். பிறகு கூடை உருண்டு தக்காளி பெட்டி முழுக்க ஓடியது. தலைமுடி அவிழ, எழுந்து நின்றுவிட்டார்.

"யார்றா என்னைக் கூப்ட்டது?"

சம்பள உயர்வுக்குக்கூட ஒன்றாகக் கை தூக்காத எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள்.

தாஸ் அண்ணன் என் காதருகே வந்து, "அடிய மாத்துடா. மலையேத்து" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்த வீடியோ முதல் பாகம். அதில் சாமியை அழைக்கும் அடி வரைதான் இருந்தது. அனுப்பி வைக்கும் அடி இரண்டாம் பாகத்தில். அதை நான் பார்க்கவே இல்லை.

தெரிந்ததை அடித்தேன். தெரிந்தது அழைக்கும் அடி மட்டும்தான். பொத்தேரி வருவதற்குள் பின் சீட்டில் இன்னொரு அம்மாவும் ஆட ஆரம்பித்தார். யாரோ வேப்பிலை கேட்க, யாரோ பையிலிருந்து கறிவேப்பிலைக் கொத்தை எடுத்து நீட்டினார்கள். பொத்தேரியில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் முதலில் செல்போனை எடுத்தார்கள். அம்மன் திரும்பிப் பார்த்ததும் உள்ளே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எதுக்குக் கூப்ட்ட? சொல்லு."

கேட்க ஒன்றும் இல்லை. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது தானாக வெளியே வந்துவிட்டது.

"தாயே, நான் பர்மனென்ட் இல்ல. காண்ட்ராக்ட்தான்."

தேவி கண்ணை மூடிக்கொண்டாள். கூடுவாஞ்சேரி வந்தது, நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன். நைசாக நழுவப் பார்த்தேன். அம்மன் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் போச்சு என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

அப்போது தேவி எழுந்து வந்து என் கையிலிருந்த உடுக்கையைப் பிடுங்கினாள். கயிற்றை அழுத்தி ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு அடித்தாள். இத்தனை மாதம் நான் எழுப்பிய சத்தத்துக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை, உடுக்கைச் சத்தம் இதுதான். நிதானமாக, ஒரே சீராக அடித்துக்கொண்டே தணிந்த குரலில் பாடினாள். ஊரப்பாக்கம் போனதும் காலர் விடுபட்டது. வண்டலூரில் அவள் அம்மா சீட்டில் சரிந்து தண்ணீர் கேட்டார். பின் சீட்டு அம்மாவும் அடங்கிவிட்டார்.

தேவியின் அப்பா ஊர்த் திருவிழாக்களில் உடுக்கை வாசிக்கிறவர் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆடி மாதமானால் அம்மாவுக்கு அருள் வரும். இறக்குகிற வேலை பத்து வயதிலிருந்தே தேவியுடையது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஆசையா அடிச்சிகினு இருந்த. கெடுக்க மனசு வர்ல."

சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்து தக்காளிகளைப் பொறுக்கினேன். பெருங்களத்தூரில் அவர்களோடு இறங்கி, கூடையைப் படிக்கட்டு வரை தூக்கி வந்தேன். அருள் வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்பார்கள். அவள் அம்மா கூடையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்.

"காண்ட்ராக்ட்னா இன்னா, கையி காலு நல்லாத்தான கீது. வூட்ல வந்து பேசச் சொல்லு."

அம்மனே நேரில் சொல்லிவிட்டுப் போனாளா, இவருக்கே எல்லாம் நினைவிருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. ஆடிதோறும் வல்லம் வடகாலில் திருவிழா. மாமனார் உடுக்கையில் கை வைப்பதற்கு முன்னால், "மாப்ள எங்க கீறாரு?" என்று குடும்பமே ஒருமுறை தேடும். நான் கோயிலுக்குப் பின்னால் பைக்குகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டேன் என்று உறுதியான பிறகுதான் முதல் அடி விழும். அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வண்டியில்கூட இதுவரை கீறல் விழுந்ததில்லை. அதைப் பாராட்டி இந்த வருடம் மாமியார் எனக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்.

ஊதினால் நேராக ஊத வேண்டுமாம். தாளமாக ஊதக் கூடாதாம்.