சொறிமீனுக்குப் பின்னால்

இன்றைக்கு அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கியே தீரும். இறங்காவிட்டால் தன் பெயரிலிருக்கும் மதியை எடுத்துவிட்டு வெறும் அழகன் என்று கூப்பிடலாம். மதியழகன் இப்படிச் சபதம் போட்டார், மனசுக்குள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அங்கே அவர் விரல் வைத்து 'ரிஜெக்ட்' என்றால் எந்த ஆடும் அப்பீலுக்குப் போக முடியாது. வீட்டில்தான் அவர் விரலுக்கு மதிப்பு கம்மி.

ஹால் நடுச்சுவரில் இதுவரை தொங்கியது, முதலாளி கையால் அவர் ஷீல்டு வாங்கும் போட்டோ. போன வாரம் அது வாஷிங் மெஷினுக்கு மேலே குடிபோனது. அந்த இடத்தில் இப்போது ஒரு ஜெல்லி மீன். யாரோ வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் விலங்கியல் புத்தகத்துக்காக வரைந்த ஓவியத்தின் பிரதி.

"இன்னாது இது? சேமியாவுக்குக் குடை புடிச்ச மாதிரி?" என்று மாட்டிய அன்றே கேட்டார் மதியழகன்.

"பழைய காலத்துப் படங்க. இப்ப எல்லார் ஊட்லயும் இதான் மாட்றாங்க. வேலூர் லாங் பஜார் வரைக்கும் போய் ஃப்ரேம் போட்டாந்தேன்" என்றாள் மனைவி சோபனா.

"ரிஜெக்ட்!"

"டிபனுமா?"

டிபன் மட்டும் பாஸானது.

சபதம் போட்ட அன்று கம்பெனி தோஸ்த் தபரேஸிடம் புலம்பினார். "தமிழ்ல அதுக்குப் பேரே சொறிமீன்பா. மேல பட்டா அரிச்சுத் தள்ளிடும்" என்றான் அவன். மதியழகனுக்குள் மதி விழித்துக்கொண்டது.

சாயங்காலம் படத்துக்கு எதிரே உட்கார்ந்து பரபரவென்று சொறிந்தார்.

"சோபனா, இது சொறிமீனாம். மாட்ன நாள்லேர்ந்து ஒரே அரிப்பு. பேர்ல இருக்கறது ஊட்டுக்கும் வந்துடுச்சு, பாரு!"

அவள் பதறவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அடடா! பத்தியம் இருந்தா போய்டும்ங்க."

"படத்த எறக்குனாலே போய்டும்."

"மொதல்ல ஒடம்பு. அப்புறம் செவுரு."

அன்று முதல் கறி கிடையாது, கருவாடு கிடையாது, கத்திரிக்காய் கிடையாது. காலையில் வேப்பிலை உருண்டை. மதியழகன் மசியவில்லை. உருண்டையை அவள் கண்ணெதிரே மென்றே விழுங்கினார். இன்னும் ஜாஸ்தியாகச் சொறிந்தார். நியாயத்துக்காகப் போராடுகிறவனுக்குக் கசப்பு ஒரு பொருட்டா?

ஞாயிற்றுக்கிழமை தபரேஸ் தங்கைக்குக் கல்யாணம். சோபனா பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"நான் மட்டும் போய்ட்டு வர்றேன். உங்களுக்குக் கஞ்சி வெச்சிருக்கேன்."

"நான் வரக்கூடாதா?"

"அங்க இருக்கறதே ரெண்டுதான். பிரியாணில கறி, தொட்டுக்கக் கத்திரிக்கா. ரெண்டுமே அரிப்புக்கு ஆவாது."

போன் அடித்தது. தபரேஸ். "எங்கபா இருக்க? பிரியாணி தம் ஒடைக்கப் போறாங்க!"

மதியழகன் ஹாலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது?

"சோபனா! நில்லு! அரிப்பு நின்னுபோச்சு!"

"படம் மாட்டியிருக்கும்போதேவா?"

"ஆமா."

"அப்ப படத்தால வரல?"

மதியழகன் எச்சில் விழுங்கினார். "வரல."

"சட்டைய மாத்துங்க."

பந்தியில் அவர் தோற்றவரைப் போலச் சாப்பிடவில்லை. மறுபடி, மறுபடி என்று வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த திட்டம் போட்டார். போட்டோவைத் தன் கையாலேயே ஹாலில் மாட்டுவது. யார் தடுக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

வீடு திரும்பியதும் நேராக வாஷிங் மெஷினிடம் போனார். அங்கே அவருடைய ஃப்ரேமுக்குள் நீல நிறத்தில் இன்னொரு சொறிமீன்.

"சோபனா! நான் எங்க?"

"ரெண்டாவது படம் நேத்து வந்துச்சுங்க. உங்க ஃப்ரேம் அளவு கரெக்டா இருந்துச்சு. பேஜார் ஆவாதீங்க, அதுக்குப் பின்னாடிதான் பத்திரமா இருக்கீங்க."