ஒரு முழப் பீமன்

ஐம்பது வயதில் எனக்குப் பீமன்மேல் ஆசை வந்தது.

படப்பைச் சாலையில் கோதண்டத்தின் பொம்மைக் கொட்டகை. கொலுவுக்கு ஒரு செட்டியார் பொம்மை வாங்கத்தான் நுழைந்தேன். நுழைந்தவன் நின்றுவிட்டேன். ஒரே பீமன், மூன்று உயரத்தில். அதே மீசை. அதே ஓங்கிய கதாயுதம். சாண் உயரத்தான் கோபப்பட்டால் சிரிப்பு வந்தது. முழ உயரத்தான் கோபப்பட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத் தோன்றியது. இடுப்புயரத்தானை நேருக்கு நேர் பார்க்கத் துணிவில்லை.

"இன்னா வெலப்பா?"

"சாண் எட்டு ரூபா சார். மொழம் அறுபத்தி நாலு. இடுப்பு ஒசரம் ஐநூத்திப் பன்னெண்டு."

உயரம் இரண்டு மடங்கு, விலை எட்டு மடங்கா? நான் லேத் பட்டறையில் அளவெடுத்தே நரைத்தவன். யோசித்தேன். நீளம், அகலம், பருமன் மூன்றும் இரட்டித்தால் மண் எட்டு மடங்கு. கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது. கும்பிடலாம் போல.

போனஸ் பணம் மடியில் இருந்தது. அதில் சைக்கிள் வாங்கி, வடக்குப்பட்டிலிருந்து தினமும் பட்டறைக்கு நடக்கும் நடையை ஒழிப்பதாக இருந்தேன். அதைப் பிரித்து, முழப் பீமனை வாங்கிவிட்டேன். வீட்டில் என் மனைவி பாப்பம்மாளிடம் உண்மை விலையைச் சொல்லும் வீரம் பீமனுக்கே கிடையாது.

"எட்டே ரூபா," என்றேன்.

"மொழ ஒசரம் கீறாரு. எட்டு ரூபாயா?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "சாண் ஒரு ரூபா. ஒசரம் ரெண்டு மடங்கானா வெல எட்டு மடங்கு. அதான் எட்டு." கரிக்கட்டியால் தரையில் வரைந்தும் காட்டினேன். தன் பொய்யைத் தானே நிரூபித்துக் காட்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இடுப்பு ஒசரம் அறுபத்தி நாலுங்களா?"

"ஆ... ஆமா."

"பீமன் பாவம், தனியா நிக்கறாரு. திரௌபதி கீறாளா அங்க?"

"இருக்கா."

"இடுப்பு ஒசரத்துல வாங்கியாங்க."

"புருசன விட பொண்டாட்டி ஒசரமா? சனங்க சிரிக்கும்."

"இன்னாங்க பேசறீங்க? நம்ம ஊர்ல தீ மிதிக்கிறது அவளுக்கா, பீமனுக்கா?"

அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். அறுபத்து நான்கு ரூபாய். "இந்தாங்க. உங்க கணக்குப்படி சரியா கீது."

ஒப்புக்கொண்டிருக்கலாம். கொட்டகைக்குத்தான் போனேன். திரௌபதி நின்றாள். முடிக்காத கூந்தலில் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரிந்தது. அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த ஒரு சபையைப் பார்த்தன. பேரம் பேசாமல் பாப்பம்மாள் தந்ததோடு போனஸ் மீதி முழுவதையும் வைத்தேன். மாட்டு வண்டியில், வைக்கோல்மேல் அவள் வந்தாள். பின்னால் நான் நடந்து வந்தேன். இனி எப்போதும் நடைதான். பீடத்தின் பின்னால் கோதண்டம் எழுதியிருந்த விலையைத் துடைக்க மறந்துவிட்டேன்.

கொலுவுக்கு வந்த பக்கத்து வீட்டுக் கங்கா வாயைப் பிளந்தாள். அப்புறம் பீமனைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இவரு அம்மனுக்குப் பாதிதான் கீறாரு?"

பாப்பம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்:

"ஐநூத்திப் பன்னெண்டுன்னு கேட்டதும் சுருங்கிட்டாருடி."